ஆறாவது கட்டம்

கோடு ஓரிடத்தில் துள்ளியிருந்தது.

அமலராணி சார்ட் பேப்பரைத் தரையில் விரித்து, நான்கு மூலைக்கும் நான்கு புத்தகங்களை வைத்து, மூக்குக்கண்ணாடியைச் சேலைத் தலைப்பில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் குனிந்து பார்த்தாள். ஸ்கேல் வைத்து இழுத்த கோடுதான். ஒரு சாண் தூரம் நேராகப் போய், சட்டென்று மேலே எகிறி, பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி நேராகப் போயிருந்தது. இன்னொரு சாண். மறுபடி ஓர் எகிறல். அடுத்த கோட்டிலும் அப்படியே. பேப்பர் முழுக்கப் பதினான்கு கோடுகள். எல்லாவற்றிலும் அளந்து வைத்தது போல அதே இடைவெளி.

எட்டு வயது அனிஷா ஸ்கெட்ச் பேனாவின் மூடியைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் கோடு போட ஆரம்பித்தால் உலை கொதித்து அடங்கிவிடும், அத்தனை நிதானம். அதனால்தான் இரண்டு வருஷமாக அந்த வேலை அவளுக்கு. அமலராணி திண்டுக்கல்லில் லேப் டெக்னீஷியன் படிப்பு சொல்லித்தரும் ஒரு தனியார் பள்ளியில் கிருமியியல் ஆசிரியை. வருஷா வருஷம் ஜூலையில், மனிதரைத் தாக்கும் வைரஸ்களுக்கு ஒரு பெரிய சார்ட் எழுதி வகுப்பில் மாட்டுவாள். ஆறு கட்டம். வைரஸின் பெயர், குடும்பம், உள்ளே இருப்பது டி.என்.ஏ.வா ஆர்.என்.ஏ.வா, மேலே உறை உண்டா, வரும் நோய், கடைசியாக ‘வருடங்கள் கழித்து’. இந்த ஆறாவது கட்டம் பாடத்திட்டத்தில் கிடையாது, அவளாகச் சேர்த்தது. சின்னம்மை போய்விட்டதென்று நினைத்தால் நரம்புக்குள் ஒளிந்திருந்து நாற்பது வயதில் அக்கியாக வரும், மஞ்சள் காமாலை பி வகை இருபது வருஷம் கழித்து ஈரலைச் சுருக்கும் என்றெல்லாம் பிள்ளைகளை மிரட்டுவதில் அவளுக்கு ஒரு சந்தோஷம். எந்தக் கிருமியானாலும் அதை ஒரு கட்டத்துக்குள் எழுதிவிட்டால் அமலராணிக்குப் பாதி பயம் போய்விடும்.

பேப்பர் விற்கிற விலையில் இப்படிப் பாழாக்கி வைத்திருக்கிறாயே என்று திட்டினாள். அனிஷா மூடியை வாயிலிருந்து எடுத்தாள்.

“நான் அசைக்கலம்மா. கை அதுவாப் போச்சு.”

பேப்பரை வீணாக்க மனமில்லாமல் அமலராணி அந்தச் சார்ட்டிலேயே எழுதி முடித்தாள். ஒன்பதாவது வரிசை தட்டம்மை. பாராமிக்சோ குடும்பம், ஆர்.என்.ஏ., உறை உண்டு. வருடங்கள் கழித்து: இல்லை. மற்ற வருஷங்களில் எழுதுகிற மாதிரியே எழுதினாள்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம், பேகம்பூர்ப் பக்கமிருந்து தோல் பதனிடும் ஷாப்பின் வாடை வெயிலோடு சேர்ந்து வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருந்த நேரத்தில், அடுப்படியில் எவர்சில்வர் டம்ளர் விழுந்தது. உருண்டது. நின்றது. அனிஷா எடுத்துத் தண்ணீர் மொண்டாள். மறுபடியும் விழுந்தது. பத்து நாளைக்கு ஒரு தடவை வருகிற குழாய்த் தண்ணீர். அது தரையில் ஓடுவதைப் பார்த்ததும் அமலராணிக்குக் கோபம் வந்தது, பிள்ளை முகத்தைப் பார்க்கத் தோன்றவில்லை. அதன்பிறகு கரண்டி விழுந்தது, சீப்பு விழுந்தது, ஜெபமாலை விழுந்தது. பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வாய்ப்பாட்டை மறந்துவிட்டாள் என்று டீச்சர் எழுதி அனுப்பினார். கணவர் சார்லஸ் வேடசந்தூர் மில்லில் ஷிப்டு முடிந்து மில் பஸ்ஸில் வந்து இறங்கி, தலையில் பஞ்சோடு உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுவிட்டு, வெயிலுக்கு அப்படித்தான், இளநீர் வாங்கிக் கொடு என்றார். இளநீரும் கீழே விழுந்தது.

முதலில் கண்டுபிடித்தவள் அடுத்த வீட்டுக் குர்ஷித் பேகம். ஒரு சாயங்காலம் கொடியில் துணி எடுக்க வந்தவள், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த அனிஷாவைச் செத்த நேரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“அமலா, புள்ள யாருக்கு ஆமாம் போடுது?”

அமலராணி திரும்பினாள். அனிஷாவின் தலை மெதுவாக முன்னால் விழுந்து நிமிர்ந்தது. யாரோ கேட்டதற்குச் சரி என்பது போல. எதிரே சுவர்தான் இருந்தது. சுண்ணாம்பு உதிர்ந்த சுவர். கொஞ்சம் பொறுத்து மறுபடியும், சரி.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. பெரியவள் நான்சி மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தாள். சுவரில் அனிஷாவின் நிழல் எழுந்து, உத்தரம் வரைக்கும் வளர்ந்து, தலையை ஆட்டியது. அமலராணி கைக்கடிகாரத்தைக் கழற்றி மெழுகுவர்த்திப் பக்கம் வைத்தாள். மெழுகு உருகும் வாசனை. தெருவில் ஒரு சைக்கிள் மணி. முள் நகர்ந்தது. எட்டு விநாடி. ஆமாம். எட்டு விநாடி. ஆமாம். அவள் இருபது தடவை எண்ணினாள். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. பிள்ளை தானாகச் செய்கிற காரியம் எதுவும் இத்தனை ஒழுங்காக இருக்காது என்று அவளுக்குத் தெரியும்.

மதுரையில் பெரிய ஆஸ்பத்திரி. அனிஷாவின் தலையில் பசை தடவி வயர்களை ஒட்டினார்கள். எந்திரத்தின் பேனா முனைகள் கீச்சிட்டுக்கொண்டு, காகிதச் சுருளில் மூளையின் கோடுகளை எழுத ஆரம்பித்தன. அமலராணி காகிதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கோடுகள் சின்ன நடுக்கத்தோடு போயின, போயின, எல்லாம் ஒரே நேரத்தில் மேலே எகிறின. அடங்கின. மறுபடி எகிறின. சார்ட்டில் பார்த்த அதே கோடு. தன் மகள் ஜூலை மாதமே இதை ஸ்கேல் வைத்து எழுதிக் கொடுத்துவிட்டாள், தான்தான் பேப்பருக்காகத் திட்டினோம் என்பது அங்கே நின்றபோது அவளுக்குப் புரிந்தது.

டாக்டர் சுருளை நீட்டிப் பார்த்தார். முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுக்கவேண்டும் என்றார். எழுதிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

“புள்ளைக்குக் கைக்குழந்தையில தட்டம்மை வந்துச்சாம்மா?”

வந்தது. தொண்ணூற்றாறில், அனிஷாவுக்கு ஏழாவது மாதம். தானாக வரவில்லை.

முதலில் வந்தது நான்சிக்கு, நாலு வயதில். தெருவில் வீட்டுக்கு வீடு மணல்வாரி அம்மை. மாதாவும் அந்தோணியாரும் இருக்கிற வீடு, பிறை போட்ட வீடு என்று பார்க்காமல் எல்லா வாசலிலும் வேப்பிலை தொங்கியது. வீட்டில் ஒரு பிள்ளைக்கு வந்தால் மற்றதையும் அதே பாயில் போட்டுவிடுவது தெருவில் வழக்கம். எல்லோருக்கும் ஒரே நாளில் வேப்பிலைத் தண்ணீர் ஊற்றி ஒரேயடியாக முடித்துவிடலாம். அமலராணி வழக்கத்துக்காக மட்டும் அதைச் செய்யவில்லை. அவள் படித்தவள். இந்த வைரஸ் ஒரு தடவை வந்தால் ஆயுசுக்கும் திரும்பாது, ஊசியைவிட உறுதி என்று கணக்குப் போட்டாள். ஊசிக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அவளுக்கு லீவும் பத்து நாள்தான் இருந்தது.

குர்ஷித் பேகம் வாசலில் நின்று கையை நீட்டினாள். “பச்ச மண்ணும்மா. எங்கிட்டக் குடு, பத்து நாளைக்கு நான் வச்சுக்கிறேன்.”

அமலராணி சிரித்தாள். படிக்காதவளுக்கு விளக்கிச் சொல்கிற பொறுமையோடு சொன்னாள். “இப்ப வந்துட்டா நல்லதுக்கா. இனி வாழ்நாளுக்கும் கவலையில்ல.”

குழந்தையைத் தூக்கி நான்சியின் பக்கத்தில் போட்டதும் அவள். தங்கச்சிக்கு ஒரு முத்தம் கொடு என்று நான்சியிடம் சொன்னதும் அவள்.

நீர்ப் பரிசோதனை முடிவு வந்தது. தட்டம்மை வைரஸ் ஆயிரக்கணக்கில் யாரோ ஒரு பிள்ளைக்குள் மட்டும் போகாமல் தங்கிவிடும், அதிலும் கைக்குழந்தையில் வந்தவர்களுக்கு, என்றார் டாக்டர். ஏழெட்டு வருஷம் சத்தம் காட்டாது. பிறகு மூளைக்குள் எழுந்திருக்கும். மருந்து இருக்கிறதா என்று சார்லஸ் கேட்டார். டாக்டர் தண்ணீர் குடித்தார். ஒரு வருஷம், ரெண்டு வருஷம் என்றார். சார்லஸ் அதை மருந்துக்கான காலம் என்று நினைத்துக்கொண்டு சரிங்க சார் என்றார். அமலராணி திருத்தவில்லை. பஸ்ஸில் வாடிப்பட்டி தாண்டியபிறகு சொன்னாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொடைரோடு வரைக்கும் அவர் முதுகு குலுங்கிக்கொண்டே இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பாடப் புத்தகத்தை எடுத்தாள். இருந்தது. தட்டம்மைப் பாடத்தின் கடைசியில், பொடி எழுத்தில் மூன்று வரி. படிக்கிற காலத்தில் அவளே பென்சிலால் பக்கத்தில் ‘பரீட்சைக்கு வராது’ என்று எழுதியிருந்தாள். ஆறாவது கட்டத்தில் எழுத இடம் இருந்தும், லட்சத்தில் ஒன்றுக்கு எதற்கு என்றுதான் வருஷா வருஷம் இல்லை என்று எழுதினாள்.

வேலையை விட்டாள். ஐப்பசி மழை பிடித்தது. ஓட்டிலிருந்து சொட்டுகிற தண்ணீர் வாளியில் விழுகிற சத்தம், சுவர்க்கடிகாரம், மூன்றாவது வீட்டுத் தையல் மெஷின், எல்லாம் தனித்தனிச் சத்தமாக இருந்தவை மெல்ல மெல்ல ஒன்றுக்குள் ஒன்று அடங்கின. அமலராணி காதில் எட்டு விநாடி மட்டும் மிஞ்சியது. சோறு ஊட்டும்போது ஏழு எண்ணிக் கையை எடுத்துவிடுவாள், இல்லாவிட்டால் கரண்டி பல்லில் இடிக்கும். மூச்சையும் அப்படியே விடப் பழகிவிட்டாள்.

தூங்கும்போது மட்டும் அது வராது. தூங்குகிற அனிஷா அவளுடைய பழைய அனிஷா. அதனால் மத்தியானங்களில் பாய்க்குப் பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்திருப்பாள். மாதாவே, இன்னும் கொஞ்ச நேரம். இமை அசையும். இன்னும் கொஞ்சம். கண் திறக்கும். பிள்ளைக்கு முன்னால் அது விழித்துக்கொள்ளும்.

கார்த்திகையில் பேச்சு நின்றது. கடைசியாகச் சொன்னது “அம்மா, லைட்டப் போடு.” லைட் எரிந்துகொண்டிருந்தது.

குர்ஷித் பேகம் தினமும் வந்து அனிஷாவின் காலை அமுக்கிவிட்டாள். அன்று கையை நீட்டியதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஏதாவது சொல்லிவிடுங்கள் அக்கா என்று ஒருநாள் அமலராணி அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளும் அழுதுவிட்டு, மறுபடி பிள்ளையின் காலை அமுக்க ஆரம்பித்தாள்.

ஜனவரியில், பள்ளியில் புது ஆசிரியை வந்துவிட்டதால் பழைய சார்ட்டைச் சுருட்டிக் கொடுத்தனுப்பினார்கள். நான்சி அதைப் பாயில் விரித்தாள். தங்கச்சி போட்ட கோடு, பார்த்தால் ஞாபகம் வரும் என்றாள். அனிஷாவைச் சாய்த்து உட்காரவைத்து, விறைத்த விரல்களைப் பிரித்து, சிவப்பு ஸ்கெட்ச் பேனாவை உள்ளே வைத்து மூடினாள். பிறகு துணி எடுக்க வெளியே போனாள்.

வெயில் கதவு வழியாக விழுந்திருந்தது. தோல் வாடை. அமலராணி வாசற்படியில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

டக்.

முறத்தை நிறுத்தினாள். ஏழு எண்ணினாள்.

டக்.

உள்ளே போனாள். அனிஷாவின் கண்கள் சுவரைப் பார்த்திருந்தன. அவற்றுக்கு ஒன்றும் தெரிவதில்லை. தலை விழுந்தது. அதோடு கை விழுந்தது. பேனா சார்ட்டில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தது. தலை நிமிர்ந்தது.

புள்ளி எங்கே என்று அமலராணி குனிந்து பார்த்தாள். ஒன்பதாவது வரிசை. ஆறாவது கட்டம்.

பேப்பரை இழுத்துவிடலாம் என்று தோன்றியது. கை வரவில்லை. ஒருபோதும் ஒரு கட்டத்தைக்கூட வெறுமையாக விட்டு அவளுக்குப் பழக்கமில்லை, ஆனால் ‘இல்லை’ என்று எழுதியதும் வெறுமைதான். மகளுக்கு எதிரே உட்கார்ந்தாள். பேப்பர் நழுவாமல் இரண்டு கையாலும் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

தலை விழுந்தது. டக். ‘இ’ பாதி மறைந்தது.

ஏழு.

டக்.

நிழல் நீண்டு வாசலுக்குப் போனது. நான்சி துணியோடு வந்து கதவருகே நின்றாள். உள்ளே இரண்டு தலைகளும், அம்மாவுடையதும் தங்கச்சியுடையதும், ஒரே நேரத்தில் விழுந்து ஒரே நேரத்தில் நிமிர்ந்துகொண்டிருந்தன. பேப்பரில் அந்தச் சொல் இருந்த இடம் முழுக்கச் சிவப்பாகியிருந்தது. பேனா நிற்கவில்லை.