பேய் பேசக் கூடாது

ஆறு வயது ஜூட்சனுக்கு வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது கீழ் லயத்து வரிசை வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் அன்று மத்தியானத்திலிருந்தே அவனுடைய அக்கா கேத்ரின் அவனுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"யாராச்சும் கால மிதிச்சிட்டா?"

"பேச மாட்டேன்."

"கிச்சுக்கிச்சு மூட்டினா?"

"சிரிக்க மாட்டேன்." ஜூட்சன் கொஞ்சம் யோசித்தான். "லேசா சிரிக்கலாமா அக்கா?"

"கூடாது. என்ன நடந்தாலும் பேய் வாயத் திறக்கக் கூடாது."

அன்று ஒக்டோபர் முப்பத்தோராம் திகதி. இலங்கை மலைநாட்டில் மஸ்கெலியாவுக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் வேறு எந்த வீட்டிலும் ஹாலோவீன் என்ற பேச்சே கிடையாது. கேத்ரின் வீட்டில் மட்டும் உண்டு. அவளுடைய அப்பா ஜோர்ஜ் சமையல் வேலை பார்க்கும் பழைய துரை பங்களா இப்போது உல்லாசப் பயணிகள் தங்கும் ஹோட்டலாகிவிட்டது. அங்கே வந்த வெளிநாட்டுப் பிள்ளைகள் பேய் வேஷம் போட்டு அறை அறையாகப் போய் இனிப்பு வாங்கியதை அப்பா ஒரு வருஷம் பார்த்தார். அடுத்த வருஷமே லயத்திலும் ஆரம்பித்துவிட்டார்.

முதல் தடவை பாதிப் பேர் கதவைச் சாத்திக்கொண்டார்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் பேய் வாசலில் நிற்பதாவது! அப்பா விடவில்லை. இரண்டு விதிகளைச் சொல்லி எல்லாரையும் வளைத்துப் போட்டார். பேய் பேசக் கூடாது. வேஷத்துக்குள் யார் என்று வீட்டுக்காரர் சரியாகச் சொல்லிவிட்டால், பேய் அந்த இடத்திலேயே ஒரு பாட்டுப் பாட வேண்டும். வாய் தவறிப் பேசிவிட்ட பேய்க்கு மட்டும் எதுவும் கிடைக்காது.

அதற்குப் பிறகு லயத்து ஆட்களுக்கே ஆசை வந்துவிட்டது. மேல் லயத்து ராக்காயி இப்போதெல்லாம் வரும் பேய்களுக்கு முதலில் நெற்றி நிறையத் திருநீறு பூசுவார். பிறகு அவித்த கடலை கொடுப்பார்.

இந்த வருஷம் ஹோட்டலில் ஆள் கூட்டம். அப்பாவால் வர முடியவில்லை. பதினொரு வயதுக் கேத்ரின்தான் பேய்களைக் கூட்டிக்கொண்டு போகப் போகிறாள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

கொழுந்து பறித்துவிட்டு வந்த அம்மா சிசிலி, கால் கழுவிக்கொண்டே சொன்னார். "கூட்டிக்கிட்டுப் போ. ஆனா ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, அடுத்த வருஷத்துல இருந்து பேயும் இல்ல, கடலையும் இல்ல. வெளங்குதா?"

"வெளங்குதும்மா."

வேஷங்களைத் தைத்தவளும் கேத்ரின்தான். பழைய வெள்ளைத் திரைச்சீலையில் தனக்கு ஒரு நீளமான பேய் அங்கி. மூன்று வாரம் உட்கார்ந்து ஓரமெல்லாம் சுருக்கு வைத்துத் தைத்தது. அடுத்த வீட்டு ஒன்பது வயதுக் கிஷாந்துக்கு ஒரு வெள்ளை வேட்டி. ஜூட்சனுக்கு மட்டும் கறுப்பு. கொழுந்து எடுக்கும்போது அம்மா இடுப்பில் சுற்றிக்கொள்ளும் படங்கில் பழையது ஒன்று கிடந்தது. மழை நுழையாத தடித்த கறுப்பு பொலித்தீன். அதைத் தலையிலிருந்து கால்வரை பைபோலத் தைத்து, கண்ணுக்கு இரண்டு ஓட்டை வெட்டியிருந்தாள்.

"அதுக்குள்ள அவனுக்குக் கண்ணு தெரியுதா?" என்று அம்மா கேட்டார்.

"நல்லாத் தெரியுதும்மா," என்றாள் கேத்ரின். உண்மையில் அவள் அதைப் போட்டுப் பார்க்கவே இல்லை.

*

கீழ் லயத்தின் ஆறு வீடுகளும் ஒரு குறையும் இல்லாமல் முடிந்தன. மூன்றாவது வீட்டு நாகலெட்சுமி அக்கா, கறுப்புப் பேய் இருமியதைக் கேட்டுவிட்டு டொபியோடு ஒரு கரண்டி இருமல் மருந்தும் கொடுத்தார். ஜூட்சன் டொபியைத் தன் இனிப்புப் பையில் போட்டுவிட்டு, கரண்டியைப் படங்குக்குக் கீழே வாங்கி, மூச்சுக் காட்டாமல் மருந்தை விழுங்கினான். மருந்து அவ்வளவு கசப்பு என்று பிறகுதான் சொன்னான்.

மேல் லயத்துக்குத் தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் ஏற வேண்டும். பாதி வழியில் லொறி ரோட்டைக் குறுக்கே கடந்து, மறுபக்கப் படிகளில் ஏறினால் லயம் வந்துவிடும். கிஷாந்த் டோர்ச்சோடு முன்னால் போனான். நடுவில் ஜூட்சன். கடைசியில் கேத்ரின்.

இருட்டத் தொடங்கியிருந்தது. அதோடு மேலேயிருந்து மூடுபனியும் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் பக்கத்துச் செடிகூடத் தெரியவில்லை.

கேத்ரினின் அங்கி ஒரு தேயிலைச் செடியில் மாட்டிக்கொண்டது. தைத்த சுருக்கு கிழிந்துவிடப் போகிறதே என்று அவள் குனிந்து மெதுவாக எடுத்தாள். ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். நிமிர்ந்தபோது முன்னால் வெளிச்சம் இல்லை. வேகமாக ஏறி, ரோட்டைக் கடந்து, மறுபக்கப் படியில் கால் வைத்தாள். அங்கே கிஷாந்த் தனியாக நின்றான்.

"ஜூட்சன் எங்க?"

"உங்க கூடத்தானே அக்கா வந்தான்?"

கேத்ரின் திரும்பி ரோட்டைப் பார்த்தாள்.

"ஜூட்சன்," என்று கூப்பிட்டாள். பதில் இல்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டாள். பனி அப்படியே நின்றது.

அப்போது தூரத்தில் ஹோர்ன் சத்தம் கேட்டது.

அது கொழுந்து லொறி. சாரதி ஜீவராஜ் அண்ணன் எடை போட்ட கொழுந்தை ஏற்றிக்கொண்டு தொழிற்சாலைக்குப் போகிற நேரம் இது. ஒவ்வொரு வளைவிலும் அவர் ஒரு தடவை ஹோர்ன் அடிப்பார். மலை உச்சியிலிருந்து இங்கே வருவதற்குள் மூன்று வளைவுகள். முதலாவது கோயில் வளைவு. இப்போது கேட்டது அதுதான்.

"கிஷாந்த், டோர்ச்ச ஆட்டிக்கிட்டே லொறிக்கு எதிரா போ. மேட்டு ஓரமாவே போகணும். ரோட்டுல எறங்கிறாத."

கிஷாந்த் ஓடினான். நாலு எட்டில் அவனையும் பனி மறைத்துவிட்டது.

"ஜூட்சன், எங்கடா இருக்க? வாயத் தொறந்து பேசுடா."

எங்கேயோ பொலித்தீன் லேசாகச் சரசரத்த மாதிரி இருந்தது. எந்தப் பக்கம் என்று பிடிபடவில்லை. பிள்ளை பக்கத்தில்தான் இருக்கிறான். கூப்பிடுவது அவன் காதில் விழாமலா இருக்கும்? பிறகு ஏன் பதில் சொல்லவில்லை?

சட்டென்று அவளுக்கு விளங்கியது. அழுகையே வந்துவிட்டது. என்ன நடந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது என்று மத்தியானம் முழுக்கச் சொல்லிக் கொடுத்தது அவள்தானே. பேசு என்று இப்போது அவளே சொன்னாலும், அதையும் தன்னைச் சோதிக்கிற தந்திரம் என்றுதான் அவன் நினைப்பான்.

இரண்டாவது ஹோர்ன். அது ஓடை வளைவு. இனி ஒரே ஒரு வளைவுதான்.

கேத்ரின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பேய் பேசக் கூடாது. சரி. ஆனால் பேய் பாடலாம். பெயரைக் கண்டுபிடித்துவிட்டால் பேய் பாடியே ஆக வேண்டும்.

அவள் வாயருகே இரண்டு கையையும் குவித்துக்கொண்டு, வீட்டுக்காரி மாதிரிக் குரலை மாற்றிக் கத்தினாள். "என் வாசல்ல நிக்கிற கறுப்புப் பேய் யாருன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. பேயோட பேரு ஜூட்சன். பேயே, பாட்டுப் பாடு."

ஒரு நொடி எதுவும் கேட்கவில்லை. பிறகு பனிக்குள்ளிருந்து மெல்லிய குரல் ஒன்று, முதலாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்த யானைப் பாட்டை மூக்கடைத்தபடி பாடத் தொடங்கியது.

அது ரோட்டிலிருந்து வந்தது.

கேத்ரின் பாட்டு வந்த பக்கம் ஓடினாள். அவளுடைய நீள அங்கி காலைத் தடுக்கியது. வாரிச் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். மூன்றாவது ஹோர்ன் காதருகே அடித்தது போலக் கேட்டது. தரை அதிர்ந்தது. பாட்டு அவளுடைய காலடிக்கு வந்துவிட்டது. ஆனால் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. குனிந்து கையால் துழாவினாள். குளிர்ந்த பொலித்தீன் தட்டுப்பட்டது.

அப்படியே அள்ளி இழுத்துக்கொண்டு மேட்டு ஓரத்து மழைத்தண்ணிக் கானுக்குள் விழுந்தாள். இருவர் மேலும் சேறு அடித்தது. மஞ்சள் வெளிச்சம் ஒன்று மெதுவாக அவர்களைத் தாண்டிப் போனது. பிரேக் கிறீச்சிட்டது. லொறி நின்றது.

"யாரு அங்க டோர்ச் அடிச்சது?" ஜீவராஜ் அண்ணன் கதவைத் திறந்து குதித்தார். பின்னாலேயே கிஷாந்தும் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

கேத்ரின் தம்பியின் தலையிலிருந்து படங்கைக் கழற்றினாள். கண் ஓட்டை இரண்டும் எப்போதோ காதுப் பக்கம் திரும்பியிருந்தன. உள்ளே வேர்த்துப்போன முகம் இன்னும் பாடிக்கொண்டிருந்தது.

"போதும்டா. நிறுத்து."

"இன்னும் ஒரு வரி இருக்கு," என்றான் ஜூட்சன். பாடி முடித்த பிறகுதான் மற்றதைச் சொன்னான். "கிஷாந்த் அண்ணனோட வெளிச்சம் காணாமப் போச்சு. அப்புறம் உடுப்பு தடுக்கி விழுந்துட்டேன். தொலைஞ்சு போனா அசையாம ஒரே எடத்துல இருக்கணும்னு அம்மா சொன்னாங்கல்ல? அதான் உக்காந்துட்டேன்."

பாவம், ஒரு விதியைக்கூட அவன் மீறவில்லை. தான் உட்கார்ந்திருந்தது லொறி ரோடு என்பது மட்டும் அவனுக்குத் தெரியவில்லை.

"அக்கா, என் இனிப்புப் பையி?"

ஜீவராஜ் அண்ணன் டோர்ச்சை வாங்கிக் குனிந்து பார்த்தார். பை லொறியின் முன்சக்கரத்துக்குக் கீழே தட்டையாகக் கிடந்தது.

"மேல இந்தப் பொடியன் டோர்ச்ச ஆட்டினது என்னமோ மங்கலாத் தெரிஞ்சிச்சு. அதான் வேகத்தக் கொறச்சேன். இவன நான் பாக்கவே இல்ல புள்ள. கடவுளே, பாக்கவே இல்ல." கேத்ரின் கையிலிருந்த படங்கைத் தொட்டுப் பார்த்து, "யாரு இந்த உடுப்பத் தச்சது?" என்றார்.

கிஷாந்த் தரையைப் பார்த்தான்.

"நான்தான் அண்ணே," என்றாள் கேத்ரின். "அண்ணே, உங்க சீட்டுல ஏறி ஒருக்காப் பாக்கலாமா?"

அவருக்கு ஏன் என்று விளங்கவில்லை. இருந்தாலும் எஞ்சினை நிறுத்தி, விளக்கை மட்டும் எரியவிட்டு, அவளை ஏற்றிவிட்டார். கிஷாந்தையும் ஜூட்சனையும் பக்கத்தில் பக்கத்தில், லொறிக்கு முன்னால் பத்து அடி தள்ளி நிறுத்தினார். ஜூட்சன் படங்கை மறுபடி மாட்டிக்கொண்டான்.

கண்ணாடி வழியாகக் கேத்ரின் பார்த்தாள். கிஷாந்தின் வேட்டி வெள்ளையாகத் தெரிந்தது. அவனுக்குப் பக்கத்தில் வெறும் இருட்டு. தம்பி அங்கேதான் நிற்கிறான் என்று தெரிந்திருந்தும் அவளால் அவனைப் பார்க்க முடியவில்லை. தன் கையால் தைத்த உடுப்பு அது.

இறங்கி வந்தாள். தன் அங்கியின் கீழ்ப்பக்கத்தைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். மூன்று வாரம் தைத்த சுருக்கெல்லாம் பரபரவென்று பிரிந்தது. முழங்காலுக்குக் கீழே இருந்த துணி முழுவதையும் எடுத்து, ஜூட்சனின் தோளில் போட்டு, முகத்தை மறைக்காமல் முடிச்சுப் போட்டாள். படங்கைச் சுருட்டித் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"வாங்க, வீட்டுக்குப் போவோம்."

"மேல் லயம்?" என்றான் ஜூட்சன்.

"மொதல்ல அம்மாக்கிட்ட சொல்லணும்."

*

அம்மா வீட்டு முன் இஸ்தோப்புத் திண்ணையில் நின்றார். சேறும் கிழிசலுமாக வந்தவர்களைப் பார்த்ததும் முகம் மாறியது. கேத்ரின் எதையும் மறைக்காமல் சொன்னாள். லொறிச் சக்கரத்தைப் பற்றிச் சொன்னபோது அம்மா ஜூட்சனை இழுத்து இறுக்கிக்கொண்டார். வெகுநேரம் விடவில்லை.

"கண்ணு தெரியுதான்னு கேட்டேன்ல?"

"கேட்டீங்க. நான் போட்டுப் பாக்காமலே தெரியுதுன்னு சொல்லிட்டேன்."

அம்மா ஏசவில்லை. கேத்ரினுக்கு அதுதான் பயமாக இருந்தது. இனிமேல் அடுத்த வருஷமும் இல்லை, அதற்கடுத்த வருஷமும் இல்லை. அப்பாவுக்கு எப்படி முகம் கொடுப்பது?

"அம்மா, ஏசுங்கம்மா."

"ஏசத்தான் போறேன். நாளைக்குக் காலையில இருந்து ஆரம்பிப்பேன்." அம்மா சால்வையை எடுத்துத் தலையில் சுற்றிக்கொண்டார். "ராக்காயி அக்கா கடலைய அவிச்சு வச்சுக்கிட்டுக் காத்திருப்பாங்க. நட. நீதான் முன்னாடி. நான் கடைசியா வாறேன்."

"நானா?"

"வேற யாரு? அப்பா ஒங்கிட்டத்தானே ஒப்படைச்சாரு."

இந்தத் தடவை கிளம்பும் முன்பே கேத்ரின் ஒரு புது விதி போட்டாள். வாசலில் பேய் பேசக் கூடாது. ஆனால் வழியில் யார் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் பேய் உடனே, "இருக்கேன்," என்று சொல்ல வேண்டும். பத்து எட்டுக்கு ஒரு தடவை அவள் கூப்பிட்டாள். பத்து எட்டுக்கு ஒரு தடவை ஜூட்சன் பதில் சொன்னான்.

வாசலில் ராக்காயி சின்ன வெள்ளைப் பேயின் திறந்த முகத்தை டோர்ச் அடித்து நன்றாகப் பார்த்தார். திருநீறு பூசினார். தாடையைச் சொறிந்து யோசித்தார்.

"அடையாளமே தெரியலையே. இது யாரு, ஆபிஸ் கிளாக்கரய்யா மகனா?"

பேய் வாயை இறுக்கி மூடிக்கொண்டு இல்லை என்று தலையாட்டியது. அதற்கு இரண்டு பங்கு கடலை கிடைத்தது.

திரும்பி இறங்கும்போது கேத்ரின் எதையோ யோசித்துக்கொண்டே நடந்தாள். ரோட்டைக் கடந்து, தேயிலைக்கு நடுவே கொஞ்ச தூரம் வந்துவிட்டார்கள். எட்டுக் கணக்கு அவளுக்கு மறந்தே போனது.

பின்னாலிருந்து ஒரு சின்னக் கை அவளுடைய கிழிந்த அங்கியைப் பிடித்து இழுத்தது.

"அக்கா, நீ கூப்பிடவே இல்ல," என்றான் ஜூட்சன். "ஆனா நான் இருக்கேன்."