கதவுக்கு அந்தப் பக்கம்

ஐந்து நாட்களாகக் கணவர் அவளிடம் சண்டை போடவில்லை. அதுதான் முதலில் அவளை உறுத்தியது.

காய்ச்சல் வார்டில் நர்ஸ் அவள். ஊரே படுத்துவிட்ட அந்த இரண்டு மாதங்களில் வீடு வெறும் சத்திரமாகிவிட்டது. தொற்றிக்கொள்ளுமோ என்ற பயத்தில் அவள் முன்னறையில் முடங்க, பள்ளிக்கூடம் மூடியதால் வேலையின்றிக் கிடந்த வாத்தியாரான கணவர் படுக்கையறையில் அடைந்துகொள்ள, குடித்தனம் முழுவதும் ஒரு மரக்கதவின் வழியாகத்தான் நடந்தது. நடந்தது என்ன, ஒருவர் மேல் ஒருவர் எரிந்து விழுந்தார்கள். பேசினால்தானே வம்பு என்று கடைசியில் அவள் பேச்சையே குறைத்துக்கொண்டாள்.

இப்போதோ, சாப்பாட்டுத் தட்டைக் கதவருகே வைத்தால் உள்ளிருந்து சிரிப்பு.

"நேத்து நீ சொன்னதையே நெனச்சிட்டிருந்தேன். மனசு லேசாயிடுச்சு."

"நான் என்ன சொன்னேன்?"

"சரி சரி, போய்த் தூங்கு."

நேற்று அவள் வீட்டுக்கே வரவில்லை. இரட்டை டூட்டி.

அன்று மதியம் வார்டில் தலைசுற்றவே, தலைமை நர்ஸ் அவளைப் பாதியிலேயே அனுப்பிவிட்டார். வெயில் கொளுத்தியது. வீட்டுக்குள் நுழைந்தபோது மின்விசிறியின் கிறீச்சொலி, கையை விட்டுப் போகாத மருந்து நெடி, அதற்கும் மேலே படுக்கையறையிலிருந்து தணிந்த பேச்சு. ஒரு குரல் அவருடையது. மற்றது பெண்குரல், அவசரமே இல்லாமல், பாதிப் பேச்சில் சிரித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கும் குரல்.

அவளுக்குத் தெரிந்த குரல். கல்யாணமான புதிதில் அவளே அப்படித்தான் பேசுவாள்.

போனில் பழைய பதிவு எதையாவது கேட்கிறாரோ? காதைக் கதவில் வைத்தாள்.

"இன்னிக்கு தலை சுத்திடுச்சுங்க. அதான் பாதியிலயே அனுப்பிட்டாங்க."

கதவைத் தட்டினாள். பேச்சு நின்றது.

"யாரது?" என்றார் அவர், பயந்துபோய்.

'நான்தாங்க' என்று சொல்ல வாயைத் திறந்தாள். மூச்சு வந்தது. சத்தம் வரவில்லை. மறுபடி. தொண்டை புடைத்தது. வெறும் மூச்சு.

மீண்டும் தட்டினாள். இரண்டு கைகளாலும்.

கதவின் அடியில் நிழல் அசைந்தது. வெறும் கால்கள். நெருங்கி வந்து நின்றன. அவர் கால்கள் இல்லை.

"யாருமில்லைங்க," என்றது அவளுடைய குரல், மரத்துக்கு அந்தப் பக்கம், அவள் காதுக்கு நேராக. "காத்து."

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.