குழாயைப் பார்த்தது யார்

செர்டாங் ஊருக்கு வெளியே, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டுக்கு நடுவில் இருந்த பழைய தோட்டத்து ஆஸ்பத்திரி இப்போது முதியோர் இல்லம். ஒரு மாத விடுப்பு முடிந்து உமாராணி வேலைக்கு வந்து இறங்கியபோது, சுவருக்குப் புதுச் சாயம் அடித்திருந்தார்கள். உள்ளே அதே மூத்திர வாடை.

பதினெட்டுக் கட்டிலுக்குப் பகலில் அவள் ஒருத்திதான் படித்த தாதி. துடைப்பது, புரட்டிப் படுக்கவைப்பது, துணி மாற்றுவது எல்லாம் உதவியாட்களிடம் விடலாம். மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் பால்குழாய் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதை மட்டும் விடவே கூடாது. இடம் மாறியிருந்தால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். அது உமாராணிக்கு மனப்பாடம். ஆனால் இந்த அம்மணி சட்டம் பார்த்து வேலை பிரிக்கவில்லை, தன் இடுப்பு வலியைப் பார்த்துத்தான் பிரித்தாள்.

அப்படித்தான், விடுப்புக்கு முன்னால், அதை உதவியாள் ராக்காயியிடம் விட்டாள். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய கை, இல்லத்தில் பதினோரு வருட அனுபவம், கையில் ஒரு சான்றிதழும் கிடையாது. இத நீங்கதானே பாக்கணும் மிஸ்ஸி என்று அவள் தயங்கியபோது, நீங்க பாத்தா நான் பாத்த மாதிரிதான்கா என்று சொல்லிவிட்டு ஏட்டில் கையெழுத்துப் போட்டாள் உமாராணி. தினமும் அதே கதைதான். ஒருநாள் குழாயில் பால் ஊற்றியதும் கிழவர் சின்னையா மூச்சுத் திணறிச் செத்துப்போனார்.

விசாரணையில், நான் சொல்லவே இல்லை, அவளாகச் செய்தாள் என்றாள் உமாராணி. ராக்காயி தன் ஜப்பான் செருப்பின் தேய்ந்த வாரைப் பார்த்தபடி தலையைக் குனிந்து நின்றாள். சான்றிதழ் இல்லாதவள் பேச்சை யார் கேட்பது? பழி ஓரிடம், பாவம் ஓரிடம். ராக்காயியை வேலையை விட்டு அனுப்பினார்கள். வீட்டில் சோறு தண்ணீர் தொடாமல் கிடந்து இருபதாம் நாள் போய்ச் சேர்ந்தாள். சாவுக்குக்கூட உமாராணி போகவில்லை.

பட்டும் திருந்தாத ஜென்மம் என்பார்களே, அது இவள்தான். விடுப்பு முடிந்து வந்த அன்றே, மதியம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. புது உதவியாள் சாந்தினி, கையுறைத் தொழிற்சாலையிலிருந்து வந்த இரண்டு பிள்ளைக்காரி, குழாய் போட்டிருந்த கிழவி மருதம்மாளுக்குப் பால் கலக்கிக்கொண்டு வந்தாள். குழாயைப் பார்த்தாயிற்றா என்று கேட்டாள்.

பார்த்தாயிற்று, போய் ஊற்று என்றாள் உமாராணி, நாற்காலியை விட்டு அசையாமல்.

மின்சாரம் போனது. மழைச் சத்தத்துக்கு நடுவே, வார்டுக்குள் ஜப்பான் செருப்பு தேய்கிற சத்தம் கேட்டது.

சாந்தினி காலில் இருந்ததோ மூடிய ரப்பர் சப்பாத்து.

கொஞ்ச நேரத்தில் சாந்தினி திரும்பி வந்தாள். குவளையில் பால் அப்படியே இருந்தது.

"மிஸ்ஸி, அந்த அக்கா ஊத்த வேணாங்கிறாங்க."

"எந்த அக்கா?"

"உள்ள நிக்கிறாங்கல்லா, வயசானவங்க. பாட்டியோட வாயத் தொறந்து தொறந்து காட்டுறாங்க."

உமாராணி நாற்காலியை விட்டு எழுந்தாள். டார்ச்சை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கட்டிலருகே யாரும் இல்லை.

மருதம்மாளின் வாய் மட்டும் திறந்திருந்தது, யாரோ தாடையைப் பிடித்திருப்பது போல. தொண்டைக்குள் குழாய் சுருண்டு கிடந்தது. ஒரு வாய்ப் பால் இறங்கியிருந்தால் போதும்.

குழாயை உருவினாள். நாலு மாதமாகப் பேச்சில்லாத மருதம்மாள், உமாராணியின் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

"ராக்காயி, சாப்டியா ஆத்தா?"

உமாராணி திரும்பவில்லை. திரும்பத் தைரியம் இல்லை.

அதற்குள் சாந்தினி போய்ச் சொல்லி, மேட்ரன் ஓடி வந்தாள். நல்லவேளை, ஒரு உயிர் தப்பியது, குழாயைப் பார்த்துக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டாள்.

இப்போதாவது சொல்லியிருக்கலாம். இன்றும் பார்க்கவில்லை, அன்றும் பார்க்கவில்லை, ராக்காயிமேல் குற்றமில்லை என்று. சொன்னால் தாதி உரிமம் போகும். செத்தவள் பேராவது மிஞ்சும்.

பிடரியில் குளிர்ந்த மூச்சுப் பட்டது. ராக்காயியின் குரல்.

"சொல்லுங்க மிஸ்ஸி."

 உமாராணிக்கு உரிமம்தான் பெரிதாகத் தெரிந்தது.

"நான்தான் மேடம் பாத்தேன்."

சொல்லி முடிக்கவில்லை, நெஞ்சு அடைத்தது. இருமினாள். மூச்சை இழுக்க இழுக்க உள்ளே களகளவென்று சத்தம் கேட்டது. வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் வெதுவெதுப்பாகப் பால் வழிந்து சீருடையை நனைத்தது.

அன்று அவளுக்கு வெள்ளிக்கிழமை விரதம். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை.