படலத்தின் பசி

பதினான்காயிரத்துப் பதினாறு மணி நேரமாக இன்பராணியின் இடக்கையில் இரத்தம் உறையவில்லை. கட்டிலின் தலைமாட்டில் எண் ஒளிர்ந்தது. டயாலிசிஸ் கூடத்தில் அதுவே பெரிய எண்.

வந்ததும் பக்கத்துக் கட்டில்காரரின் கையில் விரல் வைத்துப் பார்ப்பது அங்கே வணக்கம் சொல்வதைப் போல. ஊசி ஏறும் நாளம் அதிர வேண்டும். அதிர்வு நின்றால் டயாலிசிஸும் நிற்கும். இன்பராணிக்கு மூன்று நாளங்கள் அடைத்துப்போயிருந்தன. இது கடைசி இடம்.

"என்னம்மா, மோட்டார் மாதிரில்லா ஓடுது" என்றார் பக்கத்துக் கட்டில் லூர்துசாமி.

"திங்கக்கிழமையோட நிப்பாட்டிருவேன், அண்ணாச்சி. அப்புறம் எண்ணுல நீங்கதான் முதல்ல."

இன்றைய சோதனை தேறினால் திங்களன்று தம்பியின் சிறுநீரகத்தை அவளுக்குப் பொருத்துவார்கள்.

இயந்திரத்தைத் தொட்டுத் திரும்பும் இரத்தத்தில் அரிக்கும் ஆக்சிஜன் துணுக்குகள் பெருகும். அவை நாளச் சுவரைப் புண்ணாக்கும். புண்ணில் இரத்தம் உறையும். காவற்படலம் அந்தத் துணுக்குகளைத் தின்று வாழும் உயிரணுப் பூச்சு. அங்கே எல்லோருக்கும் போல அவளுக்கும் நாளத்தின் உள்ளே விரல் நீளம்தான் பூசினார்கள்.

தொழில்நுட்பர் முத்தரசி நாளங்களைக் காட்டும் கருவியை இயக்கினாள். திரையில் கை தெரிந்தது. பிறகு தோள், நெஞ்சு, முழு உடல். விரல் நீளப் பூச்சு இமையின் மயிரிழை நாளம் வரை படர்ந்து, ஒவ்வொரு துடிப்புக்கும் வெளிர்பச்சையாக மினுங்கியது.

"நானா இது?" என்றாள் இன்பராணி.

அடுத்தது, மாற்றுச் சிறுநீரகத்துக்கு முன்னோட்டமான தூய்மைச் சல்லடை. நல்ல சிறுநீரகத்தைப் போலவே, துணுக்குகள் மிச்சமின்றி இரத்தத்தைத் தெளியவைக்கும். இதுவரை எந்தக் கட்டிலிலும் அதை ஓட்டிப் பார்த்ததில்லை. எல்லோரும் எண்ணை மட்டுமே பார்த்திருந்தார்கள். நான்காம் நிமிடம் விரல்நுனிகளில் பச்சைப் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளத் தொடங்கின. முத்தரசி சல்லடையை நிறுத்தினாள். பழைய இரத்தம் திரும்பியதும் திரள்கள் கரைந்தன, ஒளி மெல்ல விரிந்தது.

என்ன ஆயிற்று என்று இன்பராணி கேட்டாள். முத்தரசி ஊசியின் பிளாஸ்திரியைச் சரிசெய்தாள். தண்ணீர் வேண்டுமா என்றாள். தண்ணீரை அளந்தே குடிக்கும் அந்தக் கூடத்தில் யாரும் யாரிடமும் கேட்காத கேள்வி அது.

"தம்பி வெளிய நிக்கான். ஆறு மாசமா சிகரெட்டத் தொடல. அவன்ட்ட என்ன சொல்ல?"

முத்தரசி அவள் கையில் விரல் வைத்தாள். நாளம் ஓடிக்கொண்டிருந்தது. சுற்றிலும் முப்பது கட்டில்களில் எண்கள் ஏறிக்கொண்டிருந்தன.

"அந்தப் படலத்துக்குத் தின்ன அழுக்கு ரத்தம் வேணும். சுத்த ரத்தத்துல பட்டினி கெடந்தா, உடம்பு பூரா உறைய வச்சிரும்" என்றாள். "உங்களுக்கு இனி நல்ல கிட்னி ஆகாதுக்கா."