கொம்பு முளைத்த பெயர்

அம்முலுவின் வீட்டில் அம்மாவின் பெயரைச் சொல்ல ஆள் இல்லை.

அம்மா இருந்தபோது தெருவில் எல்லாரும் அவளை 'அம்முலு அம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பா ஒருவர்தான் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அவர் வாசலில் சைக்கிளை நிறுத்துவதற்கு முன்பே அந்தப் பெயர் வீட்டுக்குள் வந்துவிடும். போன ஐப்பசியில் அம்மா காய்ச்சலில் இறந்துபோனாள். அப்புறம் அப்பா அந்தப் பெயரைச் சொல்லவே இல்லை.

அப்பா தாமோதரனுக்குக் காஞ்சிபுரத்தில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் பட்டறையில் வேலை. அந்த ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் ஒரு கறுப்புப் பலகையைச் சாய்த்து வைத்திருந்தார். அதில் வரிசை வரிசையாகச் சின்னச் சிவப்பு விளக்குகள். உத்திரமேரூர் பஸ் நிலையத்தில் ஊர்ப் பெயர்களைக் காட்டப்போகும் பலகை அது. பக்கத்தில் ஒரு பொத்தான் பெட்டி. இரண்டுக்கும் நடுவே மெல்லிய ஒயர்.

"இவ்ளோ எழுத்தும் இந்த ஒரு ஒயர்லயா போவுது நைனா?" என்று அப்பாவைக் கேட்டாள் அம்முலு.

"ஆமா."

"இடிச்சிக்காதா?"

அப்பா கொஞ்சம் யோசித்தார். "வரப்பு மேல எப்படி நடக்கிறோம்? ஒருத்தர் பின்னாடி ஒருத்தர். அப்படித்தான். பெட்டிக்குள்ள ஒரு சிப் கீது. அது ஒவ்வொண்ணா அனுப்பும். முதல்ல வர்றது முதல்ல நிக்கும்."

பொத்தான்களை அழுத்தினார். 'மாகறல்' என்று பலகை சிவந்தது. 'திருமுக்கூடல்' வந்தது. 'தென்னேரி'தான் தாறுமாறாக வந்தது.

குழம்புக் கிண்ணத்தோடு வந்த எதிர்வீட்டுப் பவளம் அத்தை நின்று பார்த்தாள்.

"எங்கம்மா வூட்டு ஊரை இப்பிடி நொண்ட வுட்டுட்டியே அண்ணா. பஸ்சு போய்ச் சேருமா?"

"ஒயர்ல கோளாறு. வர்ற வழியில எழுத்து இடம் மாறுது" என்றார் அப்பா. கிண்ணத்தை வைத்துவிட்டு அத்தை போனாள். அவர் ஒயரைக் கழற்றி வேறு ஒயர் மாட்டினார்.

அம்முலு மெதுவாகக் கேட்டாள். "நைனா, அம்மா பேரைப் போடேன்."

அப்பாவின் கை நின்றது. வெகுநேரம் கழித்து அவர் விரல் 'ல'வை அழுத்தியது. பிறகு இரட்டைக்கொம்பு. பிறகு கால். பிறகு 'கா'.

பலகையில் 'ல' தனியாக நின்றது. கொம்பு அதற்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டது. அது யாருடைய பெயரும் இல்லை.

அப்பா பட்டென்று சுவிட்சை அணைத்தார். "இது சரிப்படாது. இந்த ஒயரும் சரியில்ல."

அவர் கொல்லைப்பக்கம் போய்விட்டார். அம்முலு இருண்ட பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் பெயர் உடைந்தே நின்றுவிடுமோ என்று பயந்தாள். சரியாகவாவது ஒரு தடவை பார்க்கலாம் என்று சிலேட்டை எடுத்து எழுத ஆரம்பித்தாள்.

எழுதும்போதே கை நின்றது. அழித்துவிட்டு மறுபடி எழுதிப் பார்த்தாள்.

"நைனா, ஒயர் மேல தப்பு இல்ல" என்று கத்திக்கொண்டே கொல்லைக்கு ஓடினாள்.

"பின்ன?"

"வாய் முதல்ல 'ல'வைச் சொல்லுது. கை முதல்ல கொம்பைத்தான் போடுது. நீ வாய் சொல்றாப்ல அழுத்தற. கொம்பு அப்புறமா வரப்புல வந்தா பின்னாடிதான நிக்கும்? மாட்டுக்கு வால்ல கொம்பு முளைச்சாப்ல ஆயிடுச்சி."

அப்பா அவளையே பார்த்தார். மீசை லேசாக அசைந்தது. பல மாதங்களுக்குப் பிறகு அது ஒரு சிரிப்பு.

"நீயே அழுத்து" என்றார்.

இருவரும் உள்ளே வந்ததும் அம்முலு சுவிட்சைப் போட்டுக் கொம்பை முதலில் அனுப்பினாள். அதன் பின்னால் 'ல'. பிறகு கால். பிறகு 'கா'. ஒவ்வொன்றாக வந்து தத்தம் இடத்தில் நின்றன.

லோகா.

கூடம் முழுக்கச் சிவப்பு வெளிச்சம். அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"லோகா" என்றார். படிப்பதுபோல் அல்ல, கூப்பிடுவதுபோல்.

அம்முலு அவர் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள்.

"இன்னொரு தபா சொல்லு நைனா."

அப்பா சொன்னார்.