எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம்

பழைய அறை என்றுதான் சொன்னார்கள். ஆனால் உள்ளே காலை வைத்ததுமே கொத்தனாரின் மூக்கில் பச்சைப் பூச்சின் வாடை ஏறியது. பூசி மூன்று நாள் தாண்டாத சுவர்தான் அப்படி அடிக்கும். கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லிவிடுவார், முப்பது வருஷம் சிமெண்டிலேயே ஊறிய மூக்கு. நிலத்தடியில் ஜன்னல் இல்லாத அறை, ஒரு மேசை, ஒரு நாற்காலி, மேசைமேல் ஒரு சிவப்பு பல்பு, மேலே மூலையில் ஒரு ஸ்பீக்கர், கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. வெளியே பகல் பதினோரு மணி வெயில் கொளுத்துகிறது என்று யாராவது சொன்னால்தான் நம்பலாம்.

இடுப்புப் பிடித்துக்கொண்டு மூன்று வாரமாகச் சாரம் ஏற முடியாமல் கிடந்தவரை இழுத்து வந்தது மச்சான்காரன், பெண்சாதியின் அண்ணன். அவனும் கொத்தன்தான். “மனசைப் பத்தி ஆராய்ச்சி பண்றாங்களாம் மச்சான். சும்மா உட்கார்ந்திருந்தா போதுமாம். அதுதான் உனக்கு நல்லா வருமே” என்றான்.

மாடியில் கண்ணாடி போட்ட ஒரு பெண் ஆளுக்கு நாலு தாளை நீட்டினாள்.

“படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்கண்ணே.”

“நாங்க படிச்சு என்னம்மா ஆகப் போவுது” என்ற மச்சான்காரன் அதற்குள் நாலிலும் போட்டு முடித்திருந்தான். கொத்தனாரும் போட்டார். இன்ஜினியர் சாக்பீசில் கோடு கிழித்துக் கொடுத்தால் அதன்மேல் கல் வைப்பார்கள்; எதற்கு, அந்தப் பக்கம் என்ன என்று கேட்கிற வழக்கம் அவர்கள் தொழிலில் இல்லை.

“ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க” என்றாள் அந்தப் பெண். “எப்ப வேணும்னாலும் நிறுத்திக்கலாம். கதவை மூணு தடவை தட்டுங்க. உடனே திறந்துடுவோம். காரணம்கூடச் சொல்ல வேணாம்.”

“ஒண்ணுக்கு வந்தாலும் தட்டலாமா?” என்றான் மச்சான்காரன். அவள் சிரித்துவிட்டாள். “உங்களுக்கு வேற பகுதிண்ணே. அப்புறம் கூப்பிடறோம்” என்று அவனைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, இவரை மட்டும் கீழே கூட்டிவந்தாள்.

பல்பு எரியும்போதெல்லாம் எவ்வளவு பயமாக இருக்கிறது என்று பத்துக்கு ஒரு எண் எழுத வேண்டும். இவ்வளவுதான் வேலை. முதல் தடவை எரிந்தபோது சைபர் போட்டார். வெறும் அறையில் ஆம்பளைக்கு என்ன பயம்?

அதற்கப்புறம் பார்க்க எதுவும் இல்லாததால் சுவரைப் பார்த்தார். இடதுபக்கச் சுவரில் வெள்ளையடிப்பையும் மீறி ஈரம் கறுத்துத் தெரிந்தது. ஏழடி உயரம், மூன்றடி அகலம், நாலு பக்கமும் நூல் பிடித்தாற்போல் நேர். ஈரம் இப்படி மூலை மடிந்து நிற்காது. அங்கே ஒரு வாசல் இருந்திருக்கிறது. கல் வைத்து அடைத்து, மேலே பூசியிருக்கிறார்கள்.

வாசலை எதற்கு அடைப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, அதற்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது. டொக். டொக். டொக்.

கொஞ்சம் இடைவெளி. மறுபடி மூன்று.

“அம்மா! பக்கத்து ரூம்ல யாரோ தட்றாங்கம்மா.”

ஸ்பீக்கர் கரகரத்தது. “பக்கத்துல யாரும் இல்லண்ணே. அது டேப். நீங்க எழுதுங்க.”

டேப்பா? இருக்கும். படித்தவர்கள் சொல்கிறார்கள். அவர் உட்கார்ந்தார். ஆனால் முதலில் மார்பு உயரத்தில் கேட்ட தட்டல் இடுப்பு உயரத்துக்கு வந்தது. பிறகு முழங்கால் உயரத்துக்கு. பிறகு தரையை ஒட்டி, விரல்முட்டியால் இல்லாமல் நகத்தால், பிராண்டுகிற மாதிரி. எழுந்துபோய் ஈரத்தின்மேல் விரலை வைத்துப் பார்த்தார். பூச்சு விரல்நுனியில் அதிர்ந்தது. டேப் போட்டால் சுவரின் அந்த ஒரு இடம் மட்டும் அதிராது. அது அவருக்குத் தெரியும். நன்றாகவே தெரியும்.

பல்பு எரிந்தது. நமக்கெதற்கு வம்பு என்று உட்கார்ந்து, இரண்டு என்று எழுதினார்.

அடுத்து எரிவதற்குள் பிராண்டல் நின்றுவிட்டது.

சத்தத்தைவிட அந்த அமைதிதான் அவரை எழுப்பிவிட்டது. கதவுக்குப் போனார். மூன்று தட்டினார்.

“ரொம்ப நல்லாப் பண்றீங்கண்ணே” என்றது ஸ்பீக்கர்.

“போதும்மா. திறங்க.”

கைப்பிடியைப் பிடித்துத் திருகினார்.

மறுபடி மூன்று. மறுபடி. கைப்பிடி அசையவில்லை. கதவுக்கு வெளியே ஏதோ உரசியது. கரண்டி. கலவையை வழித்து, கல்லில் இட்டு, காம்பால் இரண்டு தட்டு. எந்தக் கை அப்படித் தட்டும் என்று அவருக்குத் தெரியும். இருபது வருஷம் ஒரே சாரத்தில் நின்ற கை.

கண்ணாடியில் முகத்தை ஒட்டினார்.

மச்சான்காரன். மார்பளவு சுவர் எழுப்பிவிட்டான். பக்கத்தில் அந்தப் பெண், கையில் அட்டையும் பேனாவும், கழுத்தில் ஒரு மைக்.

“மச்சான்! டேய்! நான் உள்ள இருக்கேன்டா!”

அவன் கை நின்றது. தலையைத் தூக்கினான். நேராகக் கண்ணாடியைப் பார்த்தான். பார்வை இவர்மேல் படவில்லை. கறுப்புக் கண்ணாடியில் தன் முகத்தையே பார்க்கிறவன் பார்வை.

“அம்மா, இது என் மச்சான் குரல் மாதிரியே இருக்கே?”

“உள்ள யாரும் இல்லண்ணே. அது டேப். நீங்க கட்டுங்க.”

அவன் நெற்றியைத் துடைத்தான்.

“கட்டாதடா! உன் தங்கச்சி மேல சத்தியமா நான்தான்டா, நாயே!”

“திட்றதுகூட அவனை மாதிரியே இருக்கும்மா” என்றான். சிரிக்கப் பார்த்தான். “எனக்கு என்னமோ... வேணாம்மா.”

“இன்னும் ரெண்டு வரிதாண்ணே.”

அவன் கரண்டியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

“சரிங்கம்மா.”

ஒரு வரி. அவன் கழுத்து மறைந்தது. வாய் மறைந்தது. இவர் அறைந்தார். முட்டியில் தோல் போயிற்று. அவன் கண் மட்டும். ஈரமான கண். இமைக்காத கண். முதுகுக்குப் பின்னால் சிவப்பாக பல்பு எரிந்தது.

கண்ணாடிக்கு நேரே வர வேண்டிய கடைசிக் கல்லை எடுத்தவன் ஒரு நிமிஷம் தயங்கினான். பிறகு, வேலை சுத்தமாக இருக்க வேண்டும் என்று, கண்ணாடியில் தெறித்திருந்த கலவையைக் கட்டைவிரலால் பதவிசாகத் துடைத்துவிட்டு, கல்லை வைத்தான்.