மதில் தாண்டிய கொடித்தோடை

"ஐயா, என் கொடித்தோடையை வெட்டிப் போட்டுட்டாங்க!"

அம்பிட்டிய ஏற்றத்தில் மூச்சு வாங்க வந்து நின்ற ஜெயராணியின் கையில், மத்தியஸ்த சபைக்கு எழுதிய முறைப்பாட்டுக் கடிதம் இருந்தது. சாட்சிக் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. பழனியாண்டி தன் வீட்டு வாசலில் கிடந்த கதிரையைக் காட்டி உட்காரச் சொன்னார். நாவலப்பிட்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் முப்பது வருடம் கணக்கப்பிள்ளையாக இருந்தவர் அவர். அந்தக் குறுகிய ஒழுங்கையில் எந்த வீட்டில் கோழி காணாமல் போனாலும் அவரிடம்தான் வருவார்கள். அவர் கையெழுத்துப் போட்டால் சபையில் மறுபேச்சு இருக்காது.

"யாரு வெட்டினது?"

"பக்கத்து வீட்டு றமீஸாதான். கொடி மதில் தாண்டி வந்து கூரைத் தகரத்தை அமுக்குதுன்னு ஆரம்பத்துல குதிச்சவதானே? வெட்டினதும் இல்லாம, வெட்டின தழையை அடிக்கட்டை மேலயே போட்டு மூடிட்டுப் போயிருக்கா. பத்து வருஷம் தோட்டத்துல தேயிலைச் செடியைக் கழிச்சுக் கவ்வாத்து வெட்டினவ நான். ஒரு செடியோட அருமை எனக்குத் தெரியாதா ஐயா?"

பழனியாண்டியின் மனைவி கலாராணிக்கு உடனே நம்பிக்கை வந்துவிட்டது. நோன்பு மாதத்தில் றமீஸா பாஷன் ஃப்ரூட் என்கிற அந்தக் கொடித்தோடைப் பழங்களில் சாறு போட்டு ஒழுங்கை முழுவதற்கும் அனுப்பியிருந்தாள். இந்த மனுஷன் மூன்று கிளாஸ் குடித்துவிட்டு, "இப்படி ஒரு சாறு குடிச்சதே இல்ல" என்றார். முப்பத்தைந்து வருடச் சமையலுக்கு இப்படி ஒரு வார்த்தை கிடைத்ததில்லை. அன்றிலிருந்து றமீஸா பேரைக் கேட்டாலே கலாராணிக்கு வயிறு எரியும்.

"அவதாங்க. நான் சத்தியம் பண்ணுவேன்."

"பாக்காமலே சத்தியமா? வா, போய்ப் பாப்போம்."

ஜெயராணி வீட்டுப் பின்வளவில் பெரிய பலாமரம். நடுப்பகலிலும் அங்கே இருட்டுக் கட்டிக் கிடந்தது. கொடி இடுப்பளவு மதிலைத் தாண்டி, வெயில் காயும் றமீஸாவின் கூரையில் படர்ந்திருந்தது. பழமெல்லாம் அந்தப் பக்கம். இந்தப் பக்கம் ஒரு பிஞ்சுகூட இல்லை. பழனியாண்டி குனிந்து தழையை விலக்கினார். முழங்கால் உயரக் கட்டை, சரிவான ஒரே வெட்டு. அவர் கட்டைவிரலால் அதைத் தடவிப் பார்த்தார்.

"கத்தி அவ குசினியிலதான் இருக்கும். போய்ப் பாக்கவா?" கலாராணி கிசுகிசுத்தாள்.

"வேணாம். அவளைக் கூப்பிடு."

றமீஸா மதிலருகே வந்தாள். கண் சிவந்திருந்தது. "முதல்ல சத்தம் போட்டது உண்மைதான் ஐயா. காய்ச்ச பொறகு நான் ஏன் வெட்டப்போறன்?"

"நடிக்கிறா," என்றாள் ஜெயராணி.

பழனியாண்டி மனைவி பக்கம் திரும்பினார். "கலா, தேயிலையைக் கவ்வாத்து வெட்டினதும் என்ன செய்வாங்க?"

"வெட்டின கிளையை அந்தச் செடி மேலயே போட்டு மூடுவாங்க. வெயில் பட்டுக் கட்டை காஞ்சிரக் கூடாதுன்னு..." கலாராணி பாதியில் நிறுத்தி, பலாமரத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"வெயிலே விழாத இடத்துல மூடாக்கு எதுக்கு? வெட்டின கைக்குப் பழக்கம். யோசிக்காமலே மூடியிருக்கு. வெட்டையும் பாரு, தண்ணி தேங்காத சரிவு. ஆத்திரத்துல வெட்டினாலும் கட்டை அழுகிரக் கூடாதுன்னு அந்தக் கைக்குத் தெரிஞ்சிருக்கு. றமீஸா புடவைக்கடைக்காரர் வீட்டுப் பொண்ணு. கவ்வாத்துக் கத்தியைக் கண்ணாலகூடக் கண்டிருக்க மாட்டா."

ஜெயராணியின் கையில் கடிதம் கசங்கியது.

"தண்ணி ஊத்தினது நான், சாணி கரைச்சு ஊத்தினது நான். அது அவ கூரையில போய்க் காய்க்குது! என் பழத்தைப் பிழிஞ்சு எனக்கே ஒரு ஜக் அனுப்புறா. ஊரெல்லாம் றமீஸா சாறு, றமீஸா சாறு... பொறாமைதான் ஐயா. தாங்க முடியல. வெட்டிட்டுப் பயத்துல பழியை அவ மேல போட்டுட்டேன்."

"கேட்டுத்தானே பறிச்சன், அக்கா. எடுத்துக்கங்க எண்டு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். அவ்வளவு நல்லா இருக்கும்னு யாருக்குத் தெரியும்?"

"அதுக்காக என்னைச் சபைக்கு இழுத்துக் குற்றவாளியாக்கப் பார்த்தீங்களே," என்றாள் றமீஸா. ஜெயராணி தலை நிமிரவில்லை. கலாராணியும்தான்.

"கட்டை பொழச்சுக்கும்," என்றார் பழனியாண்டி. "துளிர்த்ததும் எந்தப் பக்கம் ஏத்துறதுன்னு நீங்களே பேசிக்குங்க."

றமீஸா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வெயில் எங்கட பக்கம்தானே இருக்கு. இங்கேயே வரட்டும். ஆனா அடுத்த நோன்புக்கு வீடு வீடாச் சாறு கொண்டுபோறது நீங்கதான் அக்கா."

ஜெயராணி கடிதத்தை நாலாகக் கிழித்தாள். பிறகு மதிலோரம் போய் மெல்லக் கேட்டாள்:

"அந்தச் சாறுல என்னடி போடுவ?"

றமீஸா வாய் திறப்பதற்குள் கலாராணியும் மதிலோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.